ரிப்ளை 1988: டொக்சனின் கணவன் யார் என்பதில் நாம் கணக்குப் போட்ட விதம்தான் தப்பு

தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு முழுக்க இதில் இருக்கிறது.

கொரியன் சீரியல் பார்க்கிறவர்கள் ரெண்டு பேர் சேர்ந்தால் இத்தனை வருஷம் கழித்தும் இந்தச் சண்டை வந்துவிடுகிறது. டொக்சனுக்கு ஜங்வான்தான் கணவனாக வந்திருக்க வேண்டும், எழுத்தாளர் கடைசி நேரத்தில் டேக்குக்கு மாற்றிவிட்டார் என்று. மாற்றவில்லை என்பதுதான் என் கட்சி. விதை எங்கெங்கே போடப்பட்டது என்று பார்த்தாலே தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். டிவிஎன் சேனலில் 2015 நவம்பர் 6 தொடங்கி 2016 ஜனவரி 16 வரை, வெள்ளி சனிகளில் வந்த 20 எபிசோடுகள். இயக்கம் ஷின் வோன்-ஹோ, எழுத்து லீ வூ-ஜங். சியோலில் சங்முன்-டாங் என்ற பகுதியில் ஒரு சந்து, அதில் ஒன்றாக வளர்ந்த ஐந்து பேர்: டொக்சன், ஜங்வான், டேக், சன்வூ, டாங்ரியாங். இடையிடையே இன்றைய டொக்சனும் அவள் கணவனும் உட்கார்ந்து பழங்கதை பேசுவார்கள். கணவனின் பெயரை மட்டும் கடைசி வரை சொல்ல மாட்டார்கள். கொரியாவே ரெண்டாகப் பிரிந்து நின்றது. 'ஓநம்ரியு' என்றால் 'எப்படியும் கணவன் ரியூ ஜுன்-யோல்தான்' என்பதன் சுருக்கம், அதாவது அவர் நடித்த ஜங்வானின் கட்சி. 'ஓநம்தேக்' என்றால் டேக் கட்சி. புத்தாண்டு வாரத்தில் தொடர் வராததால் அந்த ஒரு வாரம் முழுக்க ஊகம்தான் ஓடியது. கடைசி எபிசோடின் ரேட்டிங் 18 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு கேபிள் சேனல் அதுவரை எட்டாத உயரம் அது.

ஜங்வான் பக்கம் அத்தனை பேர் போனதற்கு முன்னுதாரணம் ஒரு காரணம். இதே குழுவின் 2012 தொடரிலும் 2013 தொடரிலும், சின்ன வயசிலிருந்து கூடவே இருந்து, சிடுசிடுவென்று பேசி, உள்ளுக்குள் உருகுகிறவன்தான் ஜெயித்தான். மூன்றாவது முறையும் அப்படியே என்று நினைத்தது நியாயம்தான். ஆனால் பெரிய காரணம் வேறு. ஜங்வானின் மனசைக் கேமரா நமக்குத் திறந்து காட்டியது. காலையில் வாசலில் குனிந்து ஷூ லேஸை அவிழ்ப்பான், கட்டுவான், மறுபடி அவிழ்ப்பான். டொக்சன் வெளியே வந்ததும், அப்போதுதான் கிளம்புகிறவன் மாதிரி எழுந்து நடப்பான். கூட்டம் நெரியும் பஸ்ஸில் அவள் மேல் யாரும் இடிக்காதபடி, கை நரம்பு புடைக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இதையெல்லாம் பார்த்த பிறகு யாருக்குத்தான் அவனைப் பிடிக்காது?

இங்கேதான் நம் கணக்கு சறுக்குகிறது. மறுபடி பார்க்கும்போது ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் நாம் பார்த்ததையும் வலது பக்கம் டொக்சன் பார்த்ததையும் எழுதுங்கள். ஜங்வானுக்கு இடது பக்கம் நிரம்பி வழியும், வலது பக்கம் முக்கால்வாசி காலி. அவளுக்குத் தெரிந்த ஜங்வான் வெடுக்கென்று பேசுகிறவன், வாய் திறந்து எதுவும் சொல்லாதவன். டேக்கின் வரிசையில் இது தலைகீழ். முதல் பனி விழும் நாளில் போன் போட்டு, படம் பார்க்கப் போகலாமா என்று கேட்கிறான். டேக் பாடுக் ஆட்டக்காரன் (கோ என்கிற பலகை விளையாட்டு); சீனாவில் போட்டிக்குப் போகும்போது அவள் துணைக்குப் போகிறாள். சந்தில் ஒன்றும் தெரியாத பையன் என்று எல்லோரும் தாங்கும் டேக்கை அங்கே பெரியவர்கள் எப்படி மதிக்கிறார்கள் என்பதை நேரில் பார்க்கிறாள். இவையெல்லாம் தொடரின் நடுப்பகுதியிலேயே வந்துவிட்டன.

அப்போதெல்லாம் ஒளிபரப்பு ஓட ஓடவே படப்பிடிப்பும் நடப்பது கொரியாவில் வழக்கம். ஸ்கிரிப்ட் துண்டு துண்டாகச் செட்டுக்கு வந்து சேர்வதற்கு 'ச்சொக்-டேபோன்' என்று ஒரு சொல்லே உண்டு. அதனால் 'முடிவை மாற்றிவிட்டார்கள்' என்ற பேச்சு சுலபமாக எடுபடுகிறது. ஆனால் கடைசி நேரத்தில் மாற்றினால் கடைசிக் காட்சிகளைத்தான் மாற்ற முடியும், நடுவில் ஒளிபரப்பாகிவிட்டதை மாற்ற முடியாது.

எனக்கு எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி டாங்ரியாங் பேசும் காட்சி. டொக்சனுக்கு முதலில் சன்வூ மேல் வந்த ஆசை, அவன் உன்னை விரும்புகிறான் என்று தோழிகள் ஏற்றிவிட்டதால் வந்தது. ஜங்வான் மேல் வந்ததும் அதே மாதிரிதான். யாருக்கு உன்னைப் பிடிக்கிறது என்பது இருக்கட்டும், உனக்கு யாரைப் பிடிக்கும் என்று டாங்ரியாங் கேட்கிறான். அதற்கு முன்னால் அவளை அப்படி யாருமே கேட்டதில்லை. வீட்டில் அக்காவின் கேக்கிலேயே தன் பிறந்தநாளையும் முடித்துக்கொள்ளும் நடுப்பிள்ளை அவள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் கண் யார் மேல் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள், போதும்.

டேக் கட்சிக்கு எதிராகச் சொல்லப்பட்ட ஒரு வாதம் நம்மூர்க்காரர்களுக்கு ஏறவே ஏறாது. டேக்கின் அப்பாவும் சன்வூவின் அம்மாவும் சேர்ந்துவிடுவதால் டேக்கும் சன்வூவும் அண்ணன் தம்பி ஆகிவிடுகிறார்கள். சன்வூ காதலிப்பது டொக்சனின் அக்கா போராவை. அக்கா தங்கை ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கு மருமகளாகப் போவதைக் கொரியாவில் 'கியொப்சாதோன்' என்று சொல்லித் தயங்குவார்கள். நம் பக்கம் அக்காவை அண்ணனுக்கும் தங்கையைத் தம்பிக்கும் கொடுப்பது சாதாரணம். ஆனால் போரா, சன்வூ விஷயம் நமக்கு உடனே புரியும். ரெண்டு பேருக்கும் 'சொங்' என்ற ஒரே குடும்பப் பெயர், ஒரே பூர்விகம். பங்காளி வீட்டில் பெண் எடுக்கிற மாதிரி. அங்கே அது வெறும் சம்பிரதாயம் இல்லை, சிவில் சட்டத்தின் 809ஆவது பிரிவே அதைத் தடுத்தது. 1978, 1988, 1996 ஆகிய ஆண்டுகளில் மட்டும் தற்காலிகச் சட்டம் போட்டுப் பதிவு செய்ய விட்டார்கள். 1997இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. சட்டமே குறுக்கே நின்ற ஜோடியைச் சேர்த்து வைத்த கதை, சம்பந்திகளின் கூச்சத்துக்காக இன்னொரு ஜோடியைப் பிரிக்குமா?

அப்புறம் அந்தக் கச்சேரி. டொக்சன் தனியாக நிற்கிறாள் என்று தெரிந்து ஜங்வான் காரை விரட்டுகிறான், சிக்னல் சிக்னலாக மாட்டுகிறான். போய்ச் சேரும்போது டேக் அங்கே நிற்கிறான், ஆட வேண்டிய போட்டியையே விட்டுவிட்டு. முதலில் சிக்னலைச் சபிக்கும் ஜங்வான், தடுத்தது சிவப்பு விளக்கு இல்லை, தன் தயக்கம்தான் என்று தானே ஒப்புக்கொள்கிறான். எழுத்தாளர் இதைவிடத் தெளிவாக என்ன சொல்ல முடியும்?

ஜங்வான் கட்சியின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இன்றைய கணவனாக வரும் கிம் ஜூ-ஹ்யூக்குக்கு எழுதிய வசனங்கள் வேண்டுமென்றே ஜங்வான் பேச்சு மாதிரி எழுதப்பட்டவை. அந்தக் கிண்டல், அந்த வெடுக். மெதுவாகப் பேசும் டேக் வயசானால் இப்படி ஆவான் என்று நம்ப ஒரு காட்சிகூட வைக்கவில்லை. குறிப்பை ஒளித்து வைப்பது வேறு, பொய்க் குறிப்பு கொடுப்பது வேறு. இது ரெண்டாவது வகை.

அதைவிடப் பெரிய குறை, ஜங்வானைப் பாதியில் விட்டது. ராணுவ விமானி ஆனவன் நண்பர்கள் முன்னாலேயே, இத்தனை வருஷம் பூட்டி வைத்ததையெல்லாம் அவளிடம் கொட்டுகிறான். பிறகு சும்மா விளையாட்டுக்கு என்று சிரித்து முடித்துவிடுகிறான். மிச்சமிருந்த ரெண்டு எபிசோடில் அவனுக்கென்று ஒரு நல்ல காட்சிகூட இல்லை. எல்லோரும் எழுந்து போன பிறகும் அவன் கொடுத்த மோதிரம் அந்த மேஜை மேலேயே கிடந்தது. அதை யாரும் திரும்ப வந்து எடுத்ததாகக் காட்டவே இல்லை.