பெரியப்பா திருடரான கதை

(சனிக்கிழமை நடக்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு ஓர் ஆள் குறைகிறது. ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் நித்யா. கிடைத்த ஆள் அவளுடைய பெரியப்பா: ஆடிட்டில் 35 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மேஜைமேல் பாத்திரத்தின் விவரங்களை எழுதும் ஒரு கேரக்டர் ஷீட், கைநிறைய டைஸ். பெரியப்பா ஷீட்டின் மூலையில் முதல் வேலையாகத் தேதி போட்டுவிட்டார்.)

நித்யா: நாலு டைஸை உருட்டுங்கள் பெரியப்பா. அதில் சின்னதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்ட வேண்டும். இப்படி ஆறு தடவை: வலிமை, லாவகம், திடம், அறிவு, விவேகம், கவர்ச்சி என்று ஆறு திறனுக்கும் ஒவ்வோர் எண்.

பெரியப்பா: (உருட்டி) 6, 5, 4, 2.

நித்யா: இரண்டை விட்டுவிடுங்கள். 15.

பெரியப்பா: விட்டுவிடுவதா? எந்தக் கணக்கில் காட்டுவது?

நித்யா: எதிலும் காட்ட வேண்டாம். அதை மறந்துவிடலாம்.

பெரியப்பா: வந்ததை எழுதாமல் மறந்துபோன ஒரு கேஷியரை நான் சஸ்பெண்ட் செய்ய வைத்திருக்கிறேன்.

நித்யா: இந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டு வந்தபோது மூன்று டைஸ்தான். வந்த எண்ணை வந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

பெரியப்பா: அதுதானே முறை! அப்புறம் யார் கெடுத்தது?

நித்யா: மந்திரவாதி ஆக ஆசைப்பட்டு, அறிவில் 4 வாங்கியவர்கள் எல்லாரும் சேர்ந்துதான். உருட்டுங்கள்.

(ஆறு முறையும் உருட்டியாயிற்று. ஒவ்வொன்றையும் பெரியப்பா இரண்டு தடவை கூட்டிப் பார்த்து டிக் அடிக்கிறார். 17, 15, 13, 11, 8, 5.)

பெரியப்பா: இந்த 5 வேண்டாம். மறுபடி உருட்டுகிறேன்.

நித்யா: விதியில் இடம் இல்லை.

பெரியப்பா: (மரியாதையுடன்) சரி. விதி என்றால் விதிதான்.

நித்யா: ஆட்டத்தில் இந்த எண்ணை அப்படியே பயன்படுத்த மாட்டோம். பத்தைக் கழித்து, இரண்டால் வகுத்தால் வருவதுதான் மாடிஃபையர், ஆட்டத்தில் உருட்டும் டைஸோடு கூட்டிக்கொள்ளும் எண். 15 என்றால் +2.

பெரியப்பா: ஐந்தில் பாதி இரண்டரை அல்லவா?

நித்யா: அரையைக் கீழே தள்ளிவிடுவார்கள்.

பெரியப்பா: அப்படியானால் 14க்கும் +2, 15க்கும் +2. அந்த ஒரு புள்ளி எங்கே போனது?

நித்யா: வீண்தான்.

பெரியப்பா: சரி, இந்த 5க்கு? மைனஸ் இரண்டரை. இங்கேயும் அரையை விட்டால் மைனஸ் 2.

நித்யா: இல்லை, மைனஸ் 3. இதிலும் கீழ்ப்பக்கமாகத்தான்.

பெரியப்பா: (பேனாவைக் கீழே வைத்துவிட்டு) லாபம் வந்தாலும் அரை அவர்களுக்கு, நஷ்டம் வந்தாலும் அரை நம் தலையில். இதை எழுதியவன் ஆட்டக்காரன் இல்லை நித்யா, வட்டிக்கு விடுகிறவன்.

நித்யா: சரி, எந்த இனம் என்று சொல்லுங்கள். எல்ஃப் எடுத்தால் லாவகத்தில் 2 கூடும். அழகாக இருக்கலாம், இருட்டில் கண் தெரியும், 700 வருஷத்துக்கு மேல் வாழலாம்.

பெரியப்பா: பென்ஷன் யார் கொடுப்பது?

நித்யா: பென்ஷன் எல்லாம் கிடையாது.

பெரியப்பா: பென்ஷன் இல்லாமல் 700 வருஷமா? வேண்டாம். வேறு?

நித்யா: குள்ளர், அரை ஆர்க், டிராகன் வம்சம், பிசாசு வம்சம் எல்லாம் இருக்கிறது. மனிதனும் இருக்கிறான், ஆனால் அதை யாரும்...

பெரியப்பா: மனிதனுக்கு என்ன தருகிறார்கள்?

நித்யா: நாங்கள் ஆடும் 2014 பதிப்பில், ஆறு எண்ணுக்கும் ஒவ்வொன்று கூடும். அவ்வளவுதான்.

(பெரியப்பா பேசவில்லை. பேனா மட்டும் ஓடுகிறது. இரண்டு நிமிடம் கழித்து நிமிர்கிறார். முகத்தில், பொய் வவுச்சர் கையில் சிக்கிய மலர்ச்சி.)

பெரியப்பா: எனக்கு வந்த ஆறில் ஐந்து ஒற்றைப்படை. அந்த ஐந்திலும் அரை அரையாகத் தின்றிருக்கிறார்கள். ஒவ்வொன்று கூட்டினால் 18, 16, 14, 12, 9, 6. ஐந்து மாடிஃபையரும் ஒரு படி ஏறுகிறது! உன் எல்ஃப் எடுத்து 17 மேல் இரண்டைப் போட்டால் 19. அதற்கும் +4தான், 18க்கும் +4தான். எல்ஃப் ஆவது நஷ்டம். நான் மனிதன்.

நித்யா: பெரியப்பா, டிராகன் பறக்கிற உலகம் இது. நீங்கள் என்னவாக வேண்டுமானாலும் ஆகலாம்!

பெரியப்பா: கணக்கு மனிதன் என்கிறது.

நித்யா: (பெருமூச்சு) ஆகட்டும். கிளாஸ், அதாவது பாத்திரத்தின் தொழில், அந்த விஷயத்தில் தேர்வு இல்லை. போர்வீரன், மந்திரவாதி, பூசாரி மூன்று பேரும் இருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது ரோக்.

பெரியப்பா: அப்படி என்றால்?

நித்யா: பூட்டுத் திறப்பவர். பொறி இருந்தால் கண்டுபிடிப்பவர். அதாவது... திருடர்.

(நீண்ட மௌனம்.)

பெரியப்பா: முப்பத்தைந்து வருஷம், நித்யா.

நித்யா: தெரியும் பெரியப்பா. 1974ல் வந்த பெட்டியில் திருடன் கிடையாது. 1975ல் தனிப் புத்தகம் போட்டுத்தான் சேர்த்தார்கள்.

பெரியப்பா: ஒரு வருஷம் திருடன் இல்லாமல் ஒரு உலகம் நடந்திருக்கிறது! அதை அப்படியே விட மனசு வரவில்லை பார்.

நித்யா: முழுதும் கேளுங்கள். எதிராளி அசந்த நேரத்தில் ரோக் தாக்கினால் அடிக்குக் கூடுதலாக ஒரு டைஸ்.

பெரியப்பா: சொல்லாமல் போய் நிற்பது. (யோசித்து) சர்ப்ரைஸ் செக். அது எனக்கு வரும்.

நித்யா: திருடர்களுக்குள் ஒரு ரகசிய மொழியும் உண்டு. சாதாரணப் பேச்சுக்கு நடுவில் சேதியை ஒளித்து வைப்பது. நேராகச் சொல்வதைவிட நாலு மடங்கு நேரம் ஆகும்.

பெரியப்பா: ஒரு வரி விஷயத்தை நாலு பாரா எழுதி, படிக்கிறவனுக்குப் புரியாமல் அனுப்புவது. அதில்தானே அம்மா நான் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

நித்யா: அப்படியானால் சம்மதமா?

பெரியப்பா: எண்களைப் போட்டுப் பார்க்கலாம். லாவகம் 18, அறிவு 16, திடம் 14, விவேகம் 12, வலிமை 9. அந்த 6ஐக் கவர்ச்சியில் போடு.

நித்யா: யோசித்துக்கொள்ளுங்கள். கவர்ச்சி 6 என்றால் நீங்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். எல்லாரும் வேலை இருப்பதுபோல நடிப்பார்கள்.

பெரியப்பா: எனக்கு ஒன்றும் புதிதில்லை.

நித்யா: உயிர்ப் புள்ளி எட்டுடன் திடத்துக்கு இரண்டு சேர்த்து, பத்து. நீள்வாள் ஒரு வெட்டுக்கு எட்டு வரை எடுக்கும்.

பெரியப்பா: இரண்டு வெட்டில் கணக்கை முடித்துவிடுவார்கள். முன்வரிசையில் நிற்கக் கூடாது, புரிகிறது.

நித்யா: குணம்? விதிக்குக் கட்டுப்பட்டவரா, இல்லையா என்று ஒரு பக்கம். நல்லவரா, கெட்டவரா என்று மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் நடுநிலையும் உண்டு. மொத்தம் ஒன்பது வகை.

பெரியப்பா: விதிக்குக் கட்டுப்பட்டவன். நல்லவனா என்று கேட்டால்... அது என் வேலை இல்லை.

நித்யா: விதிப்படி நடக்கும் திருடரா! அதற்கு ஒரு பூர்வகதை வேண்டுமே. வழக்கமாக எல்லாரும் அப்பா அம்மாவைச் சாகடித்துவிடுவார்கள், ஊரை எரித்துவிடுவார்கள்.

பெரியப்பா: ஏன்? இருந்துவிட்டுப் போகட்டும். கதை இதுதான். திருடர் சங்கம் ஒன்று இருக்கிறது. நூறு பேர் திருடிக் கொண்டு வருகிறார்கள். பங்கு பிரிக்க வேண்டாமா? பேரேடு வேண்டாமா? அங்கே நான் உள்தணிக்கையாளர்.

நித்யா: (நிமிர்ந்து உட்கார்கிறாள்) ம்.

பெரியப்பா: ஒரு நாள் இருப்புச் சரிபார்க்கும்போது இடிக்கிறது. மாதாமாதம் கொஞ்சம் குறைகிறது. தோண்டிப் பார்த்தால், சங்கத் தலைவரே எடுத்துக்கொண்டிருக்கிறார். திருடர்களிடமே திருட்டு! நான் பேரேட்டை எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வெளியேறிவிட்டேன். அவருடைய ஆட்கள் என்னைத் தேடுகிறார்கள்.

நித்யா: அந்தப் பேரேடு இப்போது உங்களிடமா இருக்கிறது?

பெரியப்பா: கடைசிப் பக்கம் மட்டும் இல்லை. யாரோ கிழித்திருக்கிறார்கள்.

(நித்யா தன் நோட்டைப் புரட்டுகிறாள். மூன்று வாரமாக யோசித்து வைத்திருந்த வில்லன், ஒரு எலும்புக்கூட்டு மன்னன், அங்கே இருக்கிறான். குறுக்கே ஒரு கோடு போடுகிறாள்.)

நித்யா: பெரியப்பா, நீங்கள் சனிக்கிழமை அவசியம் வர வேண்டும்.

பெரியப்பா: வருகிறேன். ஆனால் இந்த விலைப்பட்டியலில் ஒரு சந்தேகம். பத்தடிக் கம்பு 5 செப்புக்காசு. பத்தடி ஏணி ஒரு வெள்ளிக்காசு, அதாவது 10 செப்பு. ஏணி என்பது இரண்டு கம்பும் குறுக்கே படிகளும். இரண்டு கம்புக்கே 10 ஆகிவிட்டது. படி இலவசமா? தச்சனுக்குக் கூலி?

நித்யா: இதை யாரும் கேட்டதில்லை.

பெரியப்பா: அதனால்தான் தச்சன் ஏழையாகவே இருக்கிறான்.

நித்யா: சாமான்களை வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டுத் திறக்கும் கருவி, தோல் கவசம், இரண்டு குத்துவாள். அப்புறம் இந்த மூட்டை: ஐம்பதடிக் கயிறு, கடப்பாரை, சுத்தியல், மெழுகுவர்த்தி ஐந்து, மணி ஒன்று, பின்னால் துரத்துகிறவர்கள் வழுக்கி விழக் கீழே கொட்டுவதற்கு ஆயிரம் பால்பேரிங் குண்டு.

பெரியப்பா: ஆயிரமா?

நித்யா: ஒரு பை. ஆயிரம்.

பெரியப்பா: எண்ணினாயா?

நித்யா: பெரியப்பா, அந்தக் குண்டுகளே இல்லை. கற்பனை.

பெரியப்பா: இல்லாத சரக்குக்குத்தான் அம்மா முதலில் கையெழுத்து கேட்பார்கள்.

(ஷீட்டை வாங்கிக்கொள்கிறார். பெயர் எழுத வேண்டிய கட்டம் இன்னும் காலி. அதைத் தாண்டிப் போய், சாமான் பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதுகிறார்: "பால்பேரிங் குண்டு 1000. எண்ணிப் பார்க்கப்படவில்லை." கீழே சுருக்கொப்பம். நித்யாவும் போட வேண்டும் என்று பேனாவை நீட்டுகிறார்.)