எரேமியா 29:11-க்கு முன்னால் பத்து வசனங்கள் இருக்கின்றன

புத்தாண்டு பிறந்தால் எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கேட்கிற முதல் கேள்வி, "உனக்கு என்ன வாக்குத்தத்தம் வந்துச்சு?" என்பதுதான். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குறுதி வசனம் அச்சடித்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். விடிவதற்குள் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். எல்லாரும் ஆசைப்படுகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டவர்களின் நம்பிக்கை பங்குனி வெயில் வரைகூடத் தாங்குவதில்லை என்பது நான் பார்த்த வரைக்கும் உண்மை.

அந்த அதிகாரம் ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் சூடு தெரியும். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். ஆலயத்தில், எல்லார் முன்பாகவும், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று முழங்குகிறார். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறார். இன்றைக்கு இருந்திருந்தால் அவருடைய யூடியூப் சேனல் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். எரேமியா சொன்னது 70 வருஷம். அப்படியென்றால் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களிடம்தான் சொல்கிறார்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள். பதினோராவது வசனம் இதற்கெல்லாம் அப்புறம்தான் வருகிறது. அட்டை அச்சடிக்கிற வேலை என் கையில் இருந்தால், வீடு கட்டச் சொல்கிற ஐந்தாம் வசனத்தைப் போடுவேன். யாருக்கும் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் வந்தது 2020-இல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குத் தோலும் ஷூவும்தான் சோறு. ஊரடங்கில் வெளிநாட்டு ஆர்டர் நின்றதும், நான் சூப்பர்வைசராக இருந்த கம்பெனியில் முதலில் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள், அப்புறம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. அதே சமயத்தில் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. ஊரடங்கில் ஆட்டோ கிடைப்பதே பெரும்பாடு.

அப்போது ஒரு ஊழியக்காரர் வீட்டுக்கு வந்தார். நன்றாகத்தான் ஜெபித்தார். கிளம்பும்போது, "பிரதர், உங்களுக்கு விசுவாசம் பத்தலை. முதல்ல ஒரு விதை விதையுங்க, அறுவடை தானா வரும்" என்று சொல்லி ஒரு காணிக்கைக் கவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதுவும் வேலை போனவன் வீட்டில்! அம்மா ஒன்றும் பேசவில்லை. மருந்துச் சீட்டுகளை எல்லாம் அந்தக் கவரில் போட்டு வைத்துக்கொண்டார். நல்ல கெட்டியான கவர்.

எங்கள் சபை ஆயர் வேறு மாதிரி. வர முடியாத நாளில் போன் செய்து சங்கீதம் 88-ஐ வாசித்தார். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஒரு துதியில் வந்து நிற்கும். 88 அப்படி இல்லை, இருட்டிலேயே முடிந்துவிடும். வாசித்துவிட்டு, "இதுவும் வேதத்துலதான் தம்பி இருக்கு" என்றார். விளக்கம் எதுவும் இல்லை. கடவுளிடம் முறையிடுவது அவிசுவாசம் இல்லை, அதற்கும் வேதத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறது என்று தெரிந்தபோது அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கியது. பெண்கள் ஐக்கியத்து ஆன்ட்டிகள் பிரசங்கம் பண்ணாமல் வாசலில் அரிசியும் பருப்பும் வைத்துவிட்டுப் போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேலூரில் இருந்துகொண்டு இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை எல்லாருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ராணிப்பேட்டையில் பிறந்தவர், டாக்டர் படித்துவிட்டு 1900-இல் திரும்பி வந்தார். கூடவே இருந்து வழிகாட்டுவார் என்று நம்பிய அப்பா அந்த வருஷமே புற்றுநோயில் இறந்துபோனார். மருத்துவமனைக் கட்டடம் 1902-இல், மருத்துவப் பள்ளி 1918-இல். நடுவில் இருக்கிற அந்த வருஷங்களை நாம் ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். அவர் ஒவ்வொரு நாளாகத்தான் தாண்டியிருக்க வேண்டும்.

நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது டாக்டர் மேரி வர்கீஸை. சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்தபோது 1954-இல் ஒரு கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவருக்காக எத்தனை பேர் முழங்கால் போட்டு ஜெபித்திருப்பார்கள்! அவர் மறுபடி நடக்கவில்லை. டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை இங்கே வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே செய்தார். அப்புறம் வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் வந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இன்றைக்கும் அங்கே வந்து, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதிலிருந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு போகிறார்கள். அனனியாவின் கணக்குப்படி மேரி வர்கீஸுக்கு ஜெபம் கேட்கப்படவில்லை. எரேமியாவின் கணக்கில் அவர் பாபிலோனில் வீடு கட்டிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்குச் சிலர் சண்டைக்கு வருவார்கள். மனச்சோர்வில் இருப்பவரிடம் "ஜெபம் பண்ணு, சரியாயிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாவம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் எத்தனையோ பத்தாண்டுகளாக நடக்கிறது. நோயாளியைத் தனியாக அடைக்காமல் வீட்டார் ஒருவரைக் கூடவே தங்கவைத்து மருத்துவம் பார்க்கிற முறையை நம் நாட்டில் முன்னோடியாகச் செய்தவர்கள் அவர்கள். அதைக் கட்டியதும் ஜெபிக்கிறவர்கள்தானே? ஜெபமும் மாத்திரையும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

சரி, நிலையாக நிற்பதற்கு எனக்கு எது உதவியது என்று கேட்டால், உணர்ச்சிவசப்பட்ட கூட்டங்கள் இல்லை, சலிப்பூட்டுகிற ஞாயிறு ஆராதனைதான். அதே ஒழுங்கு, அதே வார்த்தைகள். "கர்த்தாவே, எங்களுக்கு இரங்கும்" என்று சொல்வதற்கு அன்றைக்கு எனக்கு விசுவாசம் பொங்கி வழிய வேண்டியதில்லை. என் வாய் அடைத்துப்போன வாரங்களில் பக்கத்துப் பெஞ்சுக்காரர் எனக்கும் சேர்த்துச் சொன்னார். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையும் அப்படித்தான். வேலூர் ஏப்ரலில் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிவிடும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாவது வரும்போது கோயில் அமைதியாகிவிடும். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இயேசுவே கேட்ட கேள்வியை நான் டயாலிசிஸ் வார்டு வராந்தாவில் கேட்டால் அது எப்படிக் குற்றமாகும்?

நம்பிக்கை எங்களுக்கு மட்டும்தான் சொந்தம் என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டப்பாளையம் லாட்ஜுகளில் மாதக்கணக்காகத் தங்கியிருக்கும் வங்காளத்து, ஜார்க்கண்ட் குடும்பங்களைப் பாருங்கள். காளி படமும் இருக்கும், துஆவும் நடக்கும், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சோறும் வேகும். அவர்களுடைய பொறுமைக்கு முன்னால் என் சாட்சி ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடர்கிறது. எனக்கு ஒரு சின்ன யூனிட்டில் வேலை கிடைத்திருக்கிறது, பழைய சம்பளத்துக்குக் குறைவுதான். இதை "அற்புதம்" என்று மேடையில் சொல்லச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். கடனும் இருக்கிறது, மாதா மாதம் கட்டுகிறேன். "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்" என்ற ஏழாம் வசனத்தை மட்டும் எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் கொஞ்சம் சீரியஸாக எடுத்துக்கொண்டோம். வெளியூரிலிருந்து அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு ரத்தம் கொடுக்க உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள். அதற்கு ஒரு குழு வைத்திருக்கிறோம். எந்த மதம், எந்த ஊர் என்று கேட்பதில்லை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் ரத்தப் பிரிவை இன்பாக்ஸில் சொல்லுங்கள். பெங்காலி பேசத் தெரிந்தவர் யாராவது இருந்தால், ரத்தம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, கட்டாயம் சொல்லுங்கள்.