ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) செத்துப்போச்சா?

'புது டேட்டா சட்டம் வந்துடுச்சு, இனிமே ஆர்டிஐல எதையும் கேக்க முடியாது'ன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்திட்டு இருக்கு, இது பாதி கூட உண்மை இல்லைங்க. அந்த டேட்டா சட்டம், அதாவது 2023 டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்தோட 44(3)ஆவது பிரிவு, ஆர்டிஐ சட்டத்துல தனிநபர் தகவல தர மறுக்கலாம்னு சொல்ற 8(1)(ஜே)வ மட்டும் தான் மாத்துச்சு, முன்னாடி பொதுநலன் இருந்தா தனிநபர் தகவலையும் தரலாம்னு அதுலயே இருந்துச்சு, அத தூக்கிட்டாங்க, அது மோசம் தான், மறுக்கல. ஆனா 8(2) அப்படியே இருக்கு, தகவல் தர்றதால வர்ற பாதிப்ப விட பொதுநலன் பெருசுன்னா இப்பவும் தகவல் தரலாம். ரோடு போட்ட செலவு, டெண்டர் ஃபைல் இதெல்லாம் யாரோட தனிப்பட்ட விஷயமும் இல்லையே! அப்புறம் 'தகவல் கேக்க காரணம் சொல்லணும்'னு அதே ஃபார்வர்டுல கீழ போட்டிருக்கான், சுத்தப் பொய், ஆர்டிஐ சட்டம் 6(2) படிங்க, காரணம் கேக்கவே கூடாது. 30 நாள்ல பதில் வரலைன்னா மேல்முறையீடு போடுங்க.