உழைச்ச உடம்புக்கு வலி தெரியாதாம்!

"உழைச்ச உடம்பு, அதுக்கெல்லாம் வலி தெரியாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சொல்கிறவர் பெரும்பாலும் உழைக்கிறவராக இருக்க மாட்டார். சித்தாள் காலில் செங்கல் விழும்போது பக்கத்தில் குடை பிடித்து நின்றவராக இருப்பார். இப்போது இதற்கு அறிவியல் சாயம் வேறு. உடற்பயிற்சி செய்தால் வலியே தெரியாது என்று ஆராய்ச்சி சொல்கிறதாம், ஜிம்காரர்கள் பதிவு போடுகிறார்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வலியை அளப்பவர்கள் இரண்டு கட்டங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒன்று, வலி தொடங்கும் கட்டம். இன்னொன்று, "போதும், இனி முடியாது" என்று ஆள் கையை உதறும் கட்டம். 2014இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைச் சோதித்தது. மொத்தம் 24 பேர். பாதிப் பேர் ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தார்கள். மீதிப் பேர் எப்போதும்போல இருந்தார்கள். மிதித்தவர்களுக்கு வலி தொடங்கும் கட்டம் மாறவே இல்லை. முன்பு எந்த அழுத்தத்தில் வலித்ததோ அதே அழுத்தத்தில்தான் பிறகும் வலித்தது. ஆனால் கையில் பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தி வேலை செய்யச் சொன்னபோது, முன்பைவிட அதிக நேரம் தாங்கினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பயிற்சி காலுக்கு, சோதனை கைக்கு. அப்படியானால் மாற்றம் தசையில் மட்டும் நடந்திருக்க முடியாது. மூச்சு வாங்கும், தொடை எரியும், ஆனாலும் ஒன்றும் ஆகிவிடாது என்பதை மூளை வாராவாரம் பழகிக்கொள்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். வலிச் செய்தி தண்டுவடம் வழியாக மேலே போவது மட்டும் நடப்பதில்லை. மூளையும் கீழ்நோக்கி ஆணை அனுப்பி அந்தச் செய்தியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. ஓடி முடித்த கொஞ்ச நேரத்துக்கு வலி மந்தமாக இருப்பது உண்மைதான், எண்டார்பின் போன்ற, வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் சரக்குகளுக்கு அதில் பங்குண்டு. அது சீக்கிரம் தணிந்துவிடும்.

நார்வேயின் ட்ரோம்சோ நகரில் இதைவிடப் பெரிய ஆய்வு நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2007-08இலும் 2015-16இலும் ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். உடலுக்கு வேலை கொடுப்பவர்கள் சராசரியாக அதிக நேரம் வைத்திருந்தார்கள். இடைப்பட்ட வருடங்களில் சுறுசுறுப்பைக் கூட்டியவர்களுக்கும் தாங்கும் திறன் மேலாக இருந்தது. சரி, ஆனால் அவர்களிடம் கேட்டது ஓய்வு நேர உடலுழைப்பைப் பற்றி! நடை, ஓட்டம், விளையாட்டு. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடும் அம்மாவைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

ஓடுகிறவர் வலித்தால் நிற்கலாம். நாளைக்கு லீவு விடலாம். புரோட்டீன் குடிக்கலாம், தூங்கலாம். நடவு வயலில் நின்றால் அன்றைய கூலி போச்சு. உடம்பு தேற இடைவெளி இல்லாத உழைப்பையும் நாமாகத் தேர்ந்தெடுத்த பயிற்சியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது என்னைப் பொறுத்தவரை அயோக்கியத்தனம். ஒருவேளை அந்த அம்மாவும் நம்மைவிட அதிகம் தாங்குவார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவருக்கு நம்மைவிடக் குறைவாக வலிக்கிறது என்று ஆகாது.

உடற்பயிற்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நானும் நடக்கிறேன். நாள்பட்ட வலிக்கும் அளவான பயிற்சி நல்லதுதான். ஆனால் ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நீண்ட நாள் வலி தரும் நோய்) போன்ற நோய் உள்ள சிலருக்குப் பயிற்சி முதலில் வலியைக் கூட்டவும் செய்யும். அவர்களிடம் "சோம்பேறித்தனம், நாலு ரவுண்டு ஓடு" என்று வாட்ஸாப்பில் வகுப்பெடுக்கும் மாமாக்களை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்புறம், டாக்டர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலி வேலை செய்கிறவர் வந்தால் "தாங்க முடியுதா?" என்று கேட்காதீர்கள். "முடியுது சார்" என்றுதான் பதில் வரும். எப்போது வலிக்க ஆரம்பிக்கிறது, எந்த வேலையை விட்டுவிட்டீர்கள், ராத்திரி தூங்க விடுகிறதா என்று கேளுங்கள்.