எந்த மரத்து முருங்கை?

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு படம் போட்டார். முருங்கைக்கீரையில் ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி, பாலைவிடப் பதினேழு மடங்கு கால்சியம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே ஒரு கீரைப்பொடி டப்பா. நான் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"சித்தப்பா, ஏழு மடங்கு பச்சை இலையின் கணக்கு. பதினேழு மடங்கு காய்ந்த பொடியின் கணக்கு. காயவைத்தால் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். இரண்டும் ஒரே டப்பாவுக்குள் இருக்க வழியில்லை. அப்புறம், ஒரு டீஸ்பூன் பொடி மூன்று கிராம் வந்தாலே அதிகம். உங்கள் பதினேழு மடங்கின்படியே பார்த்தாலும் அதில் இருப்பது ஐம்பது மில்லி பாலின் கால்சியம்தான்" என்று எழுதினேன்.

"ரொம்பப் படிச்சா இப்படித்தான்" என்று பதில் வந்தது. இரண்டு அத்தைகள் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

சரி, மனிதருக்கு ஒழுங்கான எண்ணையாவது கொடுப்போம் என்று புத்தகத்தை எடுத்தேன். அங்கே நானே மாட்டிக்கொண்டேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல பதிப்புகளாக வெளியிட்டு வந்த பழைய அட்டவணையில், 100 கிராம் முருங்கைக்கீரைக்கு வைட்டமின் சி 220 மில்லிகிராம், கால்சியம் 440 மில்லிகிராம். அதே நிறுவனம் 2017-ல் புதிதாகப் போட்ட அட்டவணையில் 108, 314. கீரையும் அதுதான், வெளியிட்டவர்களும் அவர்கள்தான். வைட்டமின் சி மட்டும் பாதிக்கும் கீழே.

இதைச் சொன்னவுடன் "உரத்தைக் கொட்டி மண்ணைக் கெடுத்ததால் சத்து பாதியாகிவிட்டது" என்று யாராவது வருவார்கள். மண் கெட்டிருக்கலாம், அது வேறு கதை. ஆனால் இந்த இரண்டு எண்களை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒரே தோட்டத்தில் ஒரே மரத்தை இரண்டு காலத்திலும் அளந்திருந்தால் சொல்லலாம். அந்தக் காலத்தில் வைட்டமின் சி-யைப் பெரும்பாலும் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தார்கள். அந்தச் சாயம் வைட்டமின் சி அல்லாத வேறு சிலவற்றோடும் வினைபுரியும். இப்போது பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டு அளக்கிறார்கள். இது போதாதென்று கொழுந்தா முற்றலா, பறித்து எத்தனை மணி நேரம் ஆனது, எந்த ரகம் என்று ஆயிரம் இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்-1 செடிமுருங்கையும் முருங்கைதான், கிளையை வெட்டிப் போத்தாக நட்டு வளர்க்கிற யாழ்ப்பாண முருங்கையும் முருங்கைதான். அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே வரி.

உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். மாதிரி வரும்போது உறையின் மேல் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? "கீரை." சில சமயம் "கீரை பொடி". எந்தக் கீரை என்று கேட்டுப் போன் செய்தால், "சார், பச்சையா இருக்கும்ல, அது" என்பார்கள். நாங்களும் அரைத்து, கருவியில் ஏற்றி, தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை எழுதிக் கொடுத்தோம். எந்தச் செடி என்றே தெரியாத பொருளுக்கு இரண்டு தசம இலக்கம்! இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், உலகத்து உணவுகளை மூலக்கூறு வரை இறங்கிப் படிக்கிற ஒரு முயற்சி. பெயர் பீரியாடிக் டேபிள் ஆஃப் ஃபுட் இனிஷியேட்டிவ். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, அமெரிக்க இதய சங்கம், பயிர் வகைகளை ஆராயும் பயோவெர்சிட்டி–சியாட் கூட்டணி எல்லாம் அதில் இருக்கின்றன. முதல் கட்டமாக 1,650 உணவுகளை எடுத்திருக்கிறார்கள். அரிசி, கோதுமை, சோளத்தோடு நிறுத்தாமல், அந்தந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த கீரை, கிழங்கு, பழமெல்லாம் பட்டியலில் உண்டு.

இதற்கான தேவை பூண்டைப் பார்த்தாலே புரியும். பராபாசி, மெனிகெட்டி, லொஸ்கால்சோ என்ற மூன்று ஆய்வாளர்கள் 2019 கடைசியில் ஒரு கட்டுரை போட்டார்கள். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை பூண்டுக்கு 67 சத்துகளைச் சொல்கிறது. மற்ற தரவுகளையும் சேர்த்து அவர்கள் எண்ணினால் பூண்டில் 2,306 வேதிப்பொருட்கள். மொத்த உணவுகளுக்கும் சேர்த்து 26,000-க்கு மேல். அட்டவணைகள் வழக்கமாக அளப்பதோ ஏறக்குறைய 150. நாம் சத்து என்று சொல்லிக்கொண்டிருப்பது இந்த 150-ஐத்தான்.

மீதியை எப்படிப் பிடிக்கிறார்கள்? உணவை உறையவைத்துக் காயவைத்து, பொடித்து, கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுத்து, அதை மூலக்கூறுகளை எடை பார்க்கும் நிறை நிறமாலைமானிக்குள் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு மூலக்கூறும் தன் எடைக்கேற்ப ஒரு முகடாகத் திரையில் எழும். ஆயிரக்கணக்கில் எழும். அவற்றில் பலவற்றுக்கு இன்னும் பெயரே கிடையாது. கானாவில் எடுத்த முகட்டையும் கொலம்பியாவில் எடுத்த முகட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் எல்லாக் கூடங்களிலும் முறை ஒன்றாக இருக்க வேண்டும். இந்தத் திட்டம் அதற்குத்தான் மெனக்கெடுகிறது. கூடவே, மாதிரி எங்கே, எப்படி விளைந்தது என்பதையும் பதிவு செய்யச் சொல்கிறது. என்னைக் கேட்டால், 26,000 என்ற எண்ணைவிட இந்த முகவரி எழுதுகிற வேலைதான் பெரிது. மற்றவர்கள் புது மூலக்கூறு கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். எனக்கு அந்த உறையின் மேல் "கீரை" என்பதற்குப் பதிலாக நாலு வரி இருந்தால் போதும்.

பூண்டையே பாருங்கள். முழுப் பல்லில் அல்லிசின் கிட்டத்தட்டக் கிடையாது. நசுக்கும்போதுதான் அல்லின் என்ற பொருளும் அதைப் பிளக்கிற நொதியும் சந்தித்து அல்லிசின் உண்டாகிறது. முழுசாகக் குழம்பில் போட்டால் சூட்டில் அந்த நொதி முதலில் செத்துவிடும். நசுக்கிய பூண்டும் முழுப்பூண்டும் வேதியியலில் வேறு வேறு உணவு. அட்டவணையில் எதை எழுதுவீர்கள்?

அரிசிக் கதை இன்னும் நமக்குப் பக்கத்தில் நடந்தது. இன்றைய ஹைதராபாத் நிறுவனம் 1918-ல் குன்னூரில், தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்து கால் விழுகிற பெரிபெரி நோயை ஆராய மெக்கரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய சின்ன ஆய்வுக்கூடமாகத்தான் பிறந்தது. அங்கிருந்துதான் 1937-ல் அதன் இயக்குநர் அய்க்ராய்ட் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி அதிகம் தாக்கியது ஆந்திரக் கடலோரத்தில், ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களை. புழுங்கல் சாப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டோரத்துத் தயமின் தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்ளே போய்விடுகிறது. அதன்பின் தீட்டினாலும் ஓரளவு மிஞ்சும். நெல் ஒன்றாகவே இருந்தாலும், அவித்தார்களா இல்லையா என்பதில் ஒருவருக்குக் கால் விழுந்தது, இன்னொருவர் நடந்தார். "அரிசியில் தயமின் எவ்வளவு" என்பதே அரைகுறைக் கேள்வி.

எல்லா மூலக்கூறையும் எண்ணிவிட்டால் ஆரோக்கியம் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் எனக்கு ஒரு பயமும் உண்டு. கீரை, கேரட் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருக்கிறதே என்று, பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு, கீரையிலும் கேரட்டிலும் இருக்கிற பீட்டா கரோட்டினை மட்டும் தனி மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். இதைப் படித்துவிட்டுக் கீரையை நிறுத்திவிடாதீர்கள். கீரை செய்ததை அதில் இருக்கிற ஒரே ஒரு பொருள் தனியாகச் செய்யவில்லை, அவ்வளவுதான். டப்பா விற்கிறவர்களுக்கு இந்த 26,000 பெயர்ப் பட்டியல் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே தலை சுற்றுகிறது. சித்தப்பா தினம் ஒரு படம் போடுவார்.

முகவரி எழுதுவதில் ஆளின் முகவரியும் சேர்த்தி. 1987-ல் அகத்தியமலைப் பக்கம் போன ஆய்வாளர்கள் ஏற முடியாமல் மூச்சு வாங்கினார்கள். வழிகாட்டிகளாக வந்த காணி மக்கள் ஒரு சின்னக் காயை மென்றபடி அலுப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தார்கள். உரிமத் தொகையில் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடு. அதிலும் குறைகள் பேசப்பட்டன. ஆனாலும் காட்டிக் கொடுத்தவர்கள் யார் என்பதாவது ஏட்டில் இருக்கிறது. 1,650 உணவுகளின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விதையை வைத்திருந்தவரின் ஊர் அந்தத் தரவில் ஒரு கட்டமாக இருக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் முகடுகளை வைத்து என்ன செய்வது?

நேற்று சாத்தான்குளத்தில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு முருங்கை நிற்கிறது. இரண்டும் ஆச்சி வீட்டு மரத்திலிருந்து ஒரே நாளில் வெட்டி வந்த போத்துகள். அடுத்த வாரம் வரும்போது கீரை வதக்கி வை என்றேன். எந்த மரத்தில் பறிப்பாய் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"இது என்னல கேள்வி? பின்வாசல் மரம் கசக்கும்லா. அது ஆட்டுக்கு. உனக்குக் கிணத்தடி மரம்."