மொம்பாசா துறைமுகம் சீனாவிடம் போகவில்லை

"ரயில் கடனைக் கட்ட முடியாமல் கென்யா மொம்பாசா துறைமுகத்தையே சீனாவிடம் இழந்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. துறைமுகத்தை இன்றும் கென்ய அரசின் துறைமுக ஆணையம்தான் நடத்துகிறது.

2018 கடைசியில் கசிந்த ஒரு தணிக்கைக் கடிதத்திலிருந்து கிளம்பிய கதை இது. மொம்பாசா–நைரோபி ரயில் பாதைக்காக சீன அரசின் எக்ஸிம் வங்கியிடம் கென்யா போட்ட கடன் ஒப்பந்தத்தில் இறையாண்மை விலக்கைக் கைவிடும் பிரிவு ஒன்று உண்டு. வழக்கு என்று வந்தால் 'நாங்கள் அரசு, எங்கள் மேல் வழக்குப் போட முடியாது' என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான். இது பன்னாட்டுக் கடன் பத்திரங்களில் சாதாரணமாக இருப்பது. துறைமுகத்தை அடகு வைத்ததாக அதற்கு அர்த்தம் இல்லை.

அதற்காக சீன எக்ஸிம் வங்கிக்கு நற்சான்றிதழ் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தின் சில பகுதிகளை 2022 நவம்பரில்தான் அரசு வெளியிட்டது. தகராறு வந்தால் நடுவர் விசாரணை சீனாவில் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ரயில் பாதை கட்டும் ஒப்பந்தத்தை டெண்டர் இல்லாமல் கொடுத்தது சட்டவிரோதம் என்று 2020இல் கென்ய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது; 2023இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. எப்படியானாலும் டெண்டர் இல்லாமல் கொடுத்தது கென்ய அரசுதான்.

உண்மையில் அடி வாங்கியது மொம்பாசா ஊர்தான். 2017இல் ஓடத் தொடங்கிய ரயிலுக்குச் சரக்கு சேர வேண்டுமென்று, கன்டெய்னர்களை ரயிலில்தான் ஏற்ற வேண்டும் என உத்தரவு போட்டார்கள். லாரி ஓட்டுநர், கிளீனர், நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடை என எல்லோருக்கும் பிழைப்பு போனது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2022இல் ரூட்டோ அதிபராகப் பதவியேற்றதும் அந்த உத்தரவை ரத்து செய்தார். பேசுவதென்றால் இதைப் பேசுங்கள்.