"இங்கயே ஆர்ட்ஸ் எடுக்கவா மாமா?"

அக்கா மகளுக்கு சாதாரணதரப் பெறுபேறு, அதாவது 11ஆம் வகுப்புப் பரீட்சை முடிவு, வந்துவிட்டது. ஒன்பது பாடத்தில் ஆறு ஏ. விஞ்ஞானத்தில் ஏ, கணிதத்தில் பி. அக்கா நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். போனில் சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. அப்புறம் பிள்ளை போனை வாங்கி மெதுவாகக் கேட்டாள்: "மாமா, பயோ செய்யலாமா, இல்ல இங்கயே ஆர்ட்ஸ் எடுக்கவா?"

அந்த "இங்கயே" மூன்று நாளாக என் காதில் நிற்கிறது.

இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில் நின்றேன். எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு, அதாவது 12, 13ஆம் வகுப்புக்கு, கலைப் பிரிவு மட்டும்தான். தமிழ், இந்து நாகரிகம், புவியியல். பயோ, அதாவது உயிரியல் விஞ்ஞானப் பிரிவு, படிக்க வேண்டும் என்றால் டவுனுக்குப் போக வேண்டும். காலை முதல் பஸ், மாலை கடைசி பஸ், அதற்கு மேல் டியூஷன் காசு. அப்பா முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்த காசை எடுத்து எண்ணினார், திரும்ப வைத்தார். நான் அடுத்த நாள் கலைப் பிரிவில் சேர்ந்தேன். இப்போது உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். என் பாடத்தை நான் நேசிக்கிறேன். கலைப் பிரிவு குறைந்தது என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போவேன். ஆனால் அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும் உண்மை.

பல்கலைக்கழக அனுமதி என்று பேச்செடுத்தால் எல்லோரும் இசட் புள்ளியில்தான் தொடங்குகிறோம். சரி, அதையே முதலில் பார்ப்போம். நீங்கள் எடுத்த புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லோர் புள்ளியும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கிறது என்ற அளவு) வகுத்தால் வருவது இசட். சராசரி 40, விலகல் 15 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் இசட் 2. சராசரி 60, விலகல் 10 உள்ள பாடத்தில் அதே 70க்கு இசட் 1 மட்டுமே. மூன்று பாடத்து இசட்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இசட் புள்ளி. 2001 இல் இருந்து இதுதான் நடைமுறை. 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டக்காரர்களையும் புதிய பாடத்திட்டக்காரர்களையும் ஒன்றாகக் கலந்து கணக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் 2012 இல் அதை ரத்து செய்யும்வரை போனது. அந்த வருடம் எழுதிய பிள்ளைகள் பட்ட பாடு எனக்கு மறக்காது. ஆனாலும் இசட் முறையில் எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. வெவ்வேறு பாடங்களை ஒரே தராசில் வைக்க ஏதோ ஒரு வழி வேண்டும்தானே.

என் வலி அதற்குப் பிறகு வரும் கோட்டாவில் இருக்கிறது. அதற்கும் முன்னால், பதினாறு வயதில் இருக்கிறது.

அண்மை வருடங்களில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் உயர்தரம் எழுதுகிறார்கள். மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி), உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி என்ற அடிப்படைத் தகுதியை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் தாண்டிவிடுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதோ நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு. அந்த இடங்களைப் பிரிக்கும் முறை இது: மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் போன்ற படிப்புகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. எங்கள் நுவரெலியாவும் அந்த 16இல் ஒன்று. அதனால்தான் மருத்துவத்துக்கு நுவரெலியாவின் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச இசட், கொழும்பை விடக் குறைவாக இருக்கும். இந்த ஏற்பாட்டை எடுத்துவிட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் கலைமாணிப் படிப்புக்கு இந்த மாவட்டப் பங்கு கிடையாது. அங்கே அகில இலங்கைத் திறமை ஒன்றே அளவு.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நாட்டில் ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகள். விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாப் பிரிவும் உள்ள 1ஏபி பாடசாலைகள் அதில் பத்தில் ஒன்றளவுதான். 1சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 என்றால் சாதாரணதரத்தோடு சரி. தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பின்னைய இரண்டும்தான். ஆகவே பின்தங்கிய மாவட்டம் என்று அரசே ஒத்துக்கொண்டு சலுகை வைத்திருக்கும் பயோவுக்கும் கணிதத்துக்கும் அந்தப் பிள்ளையால் போய்ச் சேர முடிவதில்லை. அவள் போய்ச் சேரும் கலைப் பிரிவிலோ சலுகை இல்லை. அங்கே நூலகமும் நல்ல டியூஷனும் உள்ள பெரிய நகரத்துப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று போட்டி போட வேண்டும். உதவி ஒரு வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது, பிள்ளை வேறு வாசலுக்கு அனுப்பப்படுகிறாள்.

அப்படியானால் நுவரெலியாவுக்கான மருத்துவ, பொறியியல் இடங்கள் யாருக்குப் போகின்றன? மாவட்டத்து நகரங்களில் உள்ள நல்ல பாடசாலைப் பிள்ளைகளுக்கு. அது நியாயம், அவர்களும் இந்த மாவட்டத்துக்காரர்கள்தான். அப்புறம், கடைசி மூன்று வருடம் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாரோ அதுவே அவர் மாவட்டம் என்ற விதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தி வெளியில் இருந்து வந்து சேர்பவர்களைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். பெயர் இங்கே, படிப்பு கொழும்பு டியூஷனில். இதையும் தாண்டி மிஞ்சுவதுதான் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு.

தரப்படுத்தல் என்றதும் நம் தமிழர்கள், பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட 1971ஐ நினைப்பார்கள். வடக்கின் அந்தக் காயம் உண்மையானது. ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றதே எழுபதுகளில்தான். வெட்டுப்புள்ளியைப் பற்றி நாடே சண்டை போட்டபோது நாங்கள் அந்தச் சண்டைக்குள்கூட இல்லை. ஐம்பது வருடம் கழித்தும், பயோ வகுப்புக்குத் தமிழில் இரசாயனவியல் படிப்பிக்க ஆசிரியர் கிடைப்பாரா என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன வருடம் என் 12ஆம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் புவியியல் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தேன். சமவுயரக்கோடுகள் எல்லாம் அழகாகக் கீறியிருந்தாள். கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் பென்சிலால் இரசாயனச் சமன்பாடுகள். ஒவ்வொன்றாகச் சமப்படுத்தி, பக்கத்தில் சரி போட்டு வைத்திருந்தாள். சாதாரணதரத்தில் படித்தது. "ஏன் மகள் இது?" என்றேன். "மறந்துடுமே சேர்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொப்பியை மூடிக் கொடுத்தேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மாவட்டம் என்பதோடு நிற்காமல், பிள்ளை படித்த பாடசாலை எந்த வகை என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரே மாவட்டத்துக்குள் ஆய்வுகூடம் உள்ள பாடசாலைக்கும் விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பாடசாலைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி என்பது சரியில்லை. கலைப் படிப்புக்கும் பின்தங்கிய இடங்களுக்கு ஒரு பங்கு வையுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், ஒரு கல்விக் கோட்டத்துக்கு ஒரு தமிழ்மொழி 1ஏபி பாடசாலையாவது முழு ஆசிரியர்களோடு நடக்கட்டும். பக்கத்தில் ஒரு விடுதி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் எத்தனை விதிகளைத் திருத்தினாலும், 12ஆம் வகுப்பில் சேரும் நாளில் பிள்ளைக்கு முன்னால் இரண்டு வழியாவது இருக்க வேண்டும்.

"கஷ்டப்பட்டால் எங்கிருந்தும் வரலாம், நீங்கள் வரவில்லையா" என்று சிலர் கேட்பார்கள். வந்தேன், இரண்டாம் தடவை எழுதி. என்னோடு உயர்தரம் படித்தவர்களில் நன்றாகப் படித்த மூன்று பேர் இன்று கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். அவர்கள் என்னைவிடக் குறைவாகக் கஷ்டப்படவில்லை.

நேற்றிரவு அக்காவிடம் பேசினேன். பிள்ளை பயோ செய்யட்டும் என்று சொல்லிவிட்டேன். "பஸ்ஸுக்கு விடியக் காத்தால தனியா எப்படி தம்பி?" என்று கேட்டார். தங்கிப் படிக்க இடம் பார்க்கிறேன், மாதக் காசு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அடுத்த கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விண்ணப்பம் கொடுக்கப் போகிறோம்.

ஹட்டன் டவுனில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட, பெண் பிள்ளை ஒருத்தி நம்பிக்கையாகத் தங்கிப் படிக்கக்கூடிய வீடு யாருக்காவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சாப்பாடும் அவர்களே கொடுத்தால் இன்னும் நல்லது.